உடல் இளைக்கும் மருந்தும் அழகு அறுவையும்

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மிடம் வந்து சேரும் தாள்கள் பலவகை. சுங்க அறிவிப்பு, ரயில்வே விதி, பயிர்க் காப்பீட்டுப் படிவம் என்று நீளும் அவ்வரிசையில் சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனைத் துண்டறிக்கை ஒன்றும் வந்தது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் முந்திய இரவு எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அது கூறிற்று. நள்ளிரவுக்குப் பின் ஒன்றும் உண்ணலாகாது என்பதே அதன் சாரம். ‘வெறும் வயிற்றுடன் வரவும்’ என்று மூன்றே சொற்களில் எழுதி முடித்து, சுருக்கமாகவும் தெளிவாகவும் அமைந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்தோம். இரவு முழுதும் உண்ணாதிருப்பவர் வயிறு காலையில் வெறுமையாகத்தான் இருக்கும் என்பதில் எவருக்கும் ஐயமில்லாத காலம் அது.

அந்த மூன்று சொற்களும் போதாவென்று நாம் உணர்ந்தது 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். தில்லியில் நமக்கு அடுத்த பிரிவில் பணியாற்றும் அம்மையார் ஒருவர், இரு மகப்பேறுகளால் தளர்ந்து தொங்கிய வயிற்றுத் தோலை அகற்றிச் சீராக்கிக்கொள்ள எண்ணினார். நோய் ஏதும் இல்லை. விருப்பம் ஒன்றே காரணம். குறித்த நாள் காலையில் தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றார். முந்திய இரவு எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தியும் பருப்பும் உண்டதோடு சரி. அதன்பின் நீர்கூட அருந்தவில்லை. மயக்கம் கொடுக்கும் மருத்துவர் வந்து, “மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, மேடம்?” என்று இந்தியில் கேட்டார். “இல்லை” என்று விடையளித்தார் அம்மையார்.

அவர் பொய் சொல்லவில்லை. ‘சாப்பிடும்’ மருந்து ஒன்றும் அவரிடம் இல்லை. ஞாயிறுதோறும் பேனாவைப் போன்ற ஒரு சிறு கருவியால் வயிற்றுத் தோலில் ஊசி போட்டுக்கொள்வது மூன்று மாதங்களாக அவருக்கு வழக்கமாயிருந்தது. உடல் இளைக்கும் ஊசி அது. நாம் தமிழில் மருந்தைச் சாப்பிடுகிறோம். இந்தி பேசுவோரும் வங்காளிகளும் அவ்வாறே மருந்தை ‘உண்கிறார்கள்’. ஆகவே ஊசியாகச் செல்லும் பொருள் அந்தக் கேள்விக்குள் அகப்படவே இல்லை. நல்ல வேளையாக, அருகில் நின்ற தங்கை, “தீதி, அந்த ஞாயிற்றுக்கிழமை ஊசி?” என்று நினைவூட்டினார். மருத்துவர் உடனே அல்ட்ராசவுண்ட் கருவியைக் கொணரச் செய்து மேல்வயிற்றில் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன் உண்ட உணவு இரைப்பையில் அப்படியே தங்கியிருந்தது. அன்று அறுவை நடைபெறவில்லை.

“சொன்னபடி பட்டினி கிடந்தேன், அப்படியும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்” என்று அம்மையார் அலுவலகத்தில் குறைப்பட்டுக்கொண்டார். விடுப்பு எடுத்து, பணம் கட்டி, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு சென்றவருக்கு வந்த வருத்தம் நியாயமானதே. நாம் மருத்துவம் படித்தவரல்லோம், கலைப் பட்டதாரி. ஆயினும் ‘வெறும் வயிறு’ என்று எழுதிய கை நம்முடையது. உண்ணாதிருந்தும் வயிறு எவ்வாறு நிறைந்திருந்தது என்பதை அறியும் கடமை நமக்கு உண்டெனத் தோன்றிற்று.

உணவு சிறுகுடலை எட்டியதும், குடலின் உட்சுவரில் உள்ள சில உயிரணுக்கள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. ஜி.எல்.பி.-1 என்பது அதன் சுருக்கப் பெயர். அதற்குப் பணிகள் பல. கணையத்தைத் தூண்டி இன்சுலினைப் பெருகச் செய்கிறது. ‘போதும்’ என்ற செய்தியை மூளைக்கு எட்டச் செய்கிறது. இரைப்பையின் கீழ்வாயிலை இறுக்கி, உணவு சிறிது சிறிதாகவே குடலுக்குள் இறங்குமாறு பார்த்துக்கொள்கிறது. இயற்கையில் இந்த ஹார்மோன் இரத்தத்தில் ஓரிரு நிமிஷங்களுக்கு மேல் நிலைப்பதில்லை. உண்டபின் தோன்றி, வேலையை முடித்து, மறைந்துவிடும்.

மறையாமல் நிற்கும் ஒன்றைத் தேடியவர்களுக்கு வழி காட்டியது ஒரு பல்லி என்றால் நேயர்கள் வியப்படையலாம். அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் ஹீலா என்ற நச்சுப் பல்லியின் நஞ்சில், இந்த ஹார்மோனைப் போன்றே செயல்புரிந்து நெடுநேரம் நிலைக்கும் பொருள் ஒன்றை 1992இல் ஜான் எங் என்ற ஆராய்ச்சியாளர் கண்டறிந்தார். அதன் வழியாக 2005இல் முதல் மருந்து நீரிழிவுக்கென வெளிவந்தது. பின்னர் மனித ஹார்மோனையே சற்று மாற்றியமைத்துச் செய்த செமாகுளூடைடு 2017இல் நீரிழிவுக்காகவும், 2021இல் உடல் எடையைக் குறைப்பதற்காகவும் அமெரிக்காவில் இசைவு பெற்றது. இரு ஹார்மோன்களின் வேலையை ஒருங்கே செய்யும் டிர்செபடைடு 2022இல் வந்தது. இந்தியச் சந்தைக்கு 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற பெயரில் டிர்செபடைடும், ஜூனில் வெகோவி என்ற பெயரில் செமாகுளூடைடும் வந்து சேர்ந்தன. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுப் பெண்களில் 100க்கு 24 பேரும் ஆண்களில் ஏறத்தாழ 23 பேரும் மிகை எடை உடையவர்கள். ஆகவே இவ்வூசிகளுக்கு இங்கே கிடைத்த வரவேற்பில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இம்மருந்துகள் போலியானவை அல்ல. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், செமாகுளூடைடை 68 வாரம் போட்டுக்கொண்டவர்கள் சராசரியாகத் தம் எடையில் 100க்கு 15 பங்கை இழந்தனர்; வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் இழந்தது 100க்கு 2 பங்கை ஒட்டித்தான். நீரிழிவுக்காரருக்கும் இதய நோயாளருக்கும் இவற்றால் விளையும் நன்மை பெரிது. நாம் கூற வருவது வேறு. பசியை அடக்கும் குணமும் இரைப்பையைச் சோம்பச் செய்யும் குணமும் ஒரே மருந்தின் இரண்டு செயல்கள். வீட்டில் இருக்கும்போது இரைப்பை சோம்பினால் வயிறு நிறைந்த உணர்ச்சி தோன்றும், சிலருக்குக் குமட்டும், அவ்வளவே. அறுவை மேசையின் மீது அது வேறு விஷயமாகிவிடுகிறது.

விழித்திருக்கும் மனிதனின் தொண்டையில் உறங்காத காவலன் ஒருவன் இருக்கிறான். ஒரு பருக்கை வழிதவறி மூச்சுக்குழலுக்குள் எட்டிப் பார்த்தாலும் இருமல் வந்து அதை வெளியே தள்ளிவிடும். புரையேறுதல் என்று நாம் சொல்வது இக்காவலனின் கூச்சலையே. முழு மயக்கத்தில் இந்தக் காவலனும் உறங்கிவிடுகிறான். உணவுக்குழலின் அடிவாயிலும் தளர்ந்துவிடுகிறது. இரைப்பையில் உள்ளது மேலே ஏறி வந்தால், தடுப்பாரின்றி நுரையீரலுக்குள் இறங்கும். உணவுத் துண்டு மூச்சை அடைக்கலாம். இரைப்பையின் அமிலம் நுரையீரலின் மெல்லிய திசுவைப் பொசுக்கிவிடலாம்.

இதை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் நியூயார்க் நகரத்து மகப்பேற்று மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டெல்சன். 1932 முதல் 1945 வரை ஒரு மருத்துவமனையில் நிகழ்ந்த 44,016 பேறுகளின் பதிவுகளை அவர் துருவிப் பார்த்தார். மயக்க நிலையில் இரைப்பைப் பொருள் நுரையீரலுக்குள் புகுந்த நிகழ்ச்சிகள் 66 இருந்தன. இருவர் திட உணவு மூச்சை அடைத்து உயிர் துறந்திருந்தனர். முயல்களைக் கொண்டு சோதித்து, தீங்கு விளைவிப்பது அமிலமே என்பதையும் 1946இல் எடுத்துக்காட்டினார். அதன் பிறகே அறுவைக்கு முன் உண்ணாமை என்பது உலகெங்கும் கண்டிப்பான விதியாயிற்று.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நம் சுசுருத சம்ஹிதையில் இதற்கு நேர்மாறான விதி உண்டு. பெரும்பாலான அறுவைகளுக்கு முன் நோயாளிக்கு விரும்பிய உணவை அளிக்க வேண்டும், மது அருந்தும் வழக்கம் உடையவருக்கு மதுவும் கொடுக்கலாம் என்று அந்நூல் விதிக்கிறது. வலி தாங்காமல் மூர்ச்சை அடைந்துவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. மூலம், கல்லடைப்பு, வயிற்று நோய், வாய் நோய் போன்ற சிலவற்றுக்கு மட்டும் உண்ணாதவரிடத்தே அறுவை செய்யுமாறு விலக்களிக்கிறது. முழு மயக்கம் என்பதே இல்லாத காலத்தில் தொண்டைக் காவலன் எப்போதும் விழித்திருந்தான். ஆகவே உணவு அளிப்பதில் அபாயம் குறைவு. பட்டினி என்பது மயக்க மருந்தோடு ஒட்டிப் பிறந்த விதி என்பது இதனால் விளங்கும்.

அவ்விதியின் இன்றைய வடிவம் இது: தெளிந்த நீர் வகைகளை அறுவைக்கு 2 மணி நேரம் முன்பு வரை அருந்தலாம், இலேசான சிற்றுண்டியை 6 மணி நேரத்துக்கு முன் முடித்துவிட வேண்டும், எண்ணெயும் கொழுப்பும் மிக்க உணவென்றால் 8 மணி நேரம். நம் வீடுகளில் காப்பியை நீரோடு சேர்த்து எண்ணும் வழக்கம் உண்டு. ஆனால் பால் கலந்த காப்பி இந்தக் கணக்கில் சிற்றுண்டியே. அதற்கும் 6 மணி நேரம். ‘காப்பி மட்டும்தான் குடித்தேன்’ என்று கூறித் திருப்பி அனுப்பப்பட்டோர் ஏராளம் என்று மருத்துவ நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இக்கணக்குகள் யாவும் இயல்பான வேகத்தில் வேலை செய்யும் இரைப்பையை அளந்து வகுத்தவை. அந்த வேகத்தையே குறைக்கும் மருந்து உடலில் இருக்கும்போது மணிக்கணக்கை மட்டும் நம்பி இருப்பதற்கில்லை.

2023இல் மருத்துவ இதழ்களில் வெளியான குறிப்புகள் இதை வெளிப்படுத்தின. செமாகுளூடைடு போட்டுக்கொண்டிருந்த ஒருவர் 18 மணி நேரம் உண்ணாதிருந்தும் மயக்கத்தில் இரைப்பைப் பொருள் அவர் நுரையீரலுக்குச் சென்றது. 2024இல் வெளியான வேறோர் ஆய்வில், விதிப்படி உண்ணாதிருந்த 124 பேரின் இரைப்பையை அறுவைக்கு முன் அல்ட்ராசவுண்டால் பார்த்தனர். இவ்வகை ஊசி போட்டுக்கொண்டவர்களில் 100க்கு 56 பேர் வயிற்றில் அபாய அளவுக்கு மிச்சம் இருந்தது; போட்டுக்கொள்ளாதவர்களில் 100க்கு 19 பேர் வயிற்றில்தான் அவ்வாறு இருந்தது. திட உணவு சிறிது இருந்தாலும் அபாயம். நீரென்றால் உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை மில்லிலிட்டரைத் தாண்டலாகாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 90 மில்லிலிட்டர், அதாவது அரை டம்ளருக்கும் குறைவு.

இதைக் கேட்டு எவரும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. வயிற்றில் மிச்சம் இருப்பது வேறு. அது நுரையீரலுக்குள் புகுவது வேறு. பின்னது அரிது. பல்லாயிரம் நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு பின்னர் நடந்த கணக்கெடுப்புகள் சிலவற்றில், ஊசி போட்டவர்க்கும் போடாதவர்க்கும் இதில் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. ஆயினும் அரிதாக நிகழ்வது நிகழ்ந்துவிட்டால், நோயின்றி நடந்து வந்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாசக் கருவியோடு படுக்க நேரிடும். வயிற்றுத் தோலைச் சீராக்கிக்கொள்ள வந்த ஒருவருக்கு இது மிகப் பெரிய விலை.

மருந்தை நிறுத்திவிட்டுச் செல்லலாமே என்று நேயர்கள் கேட்கக்கூடும். முதலில் மருத்துவர்களும் அவ்வாறே எண்ணினர். அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் 2023 ஜூனில், தினசரி மருந்தானால் அறுவை நாளன்றும், வாராந்தர மருந்தானால் ஒரு வாரம் முன்னதாகவும் நிறுத்துமாறு கூறிற்று. ஆனால் செமாகுளூடைடு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் கால் பங்கு. ஐந்து வாரத்தில்தான் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ஒரு வாரம் நிறுத்துவதால் மருந்து போய்விடுவதில்லை. முழுதும் போகும்வரை நிறுத்தினாலோ நீரிழிவுக்காரரின் இரத்தச் சர்க்கரை ஏறிவிடும். அது அறுவைப் புண்ணுக்குப் பகை.

ஆகவே 2024 அக்டோபரில் அச்சங்கமும், குடல் நோய் மருத்துவர் முதலிய பிற சங்கங்களும் கூடி வேறு வழி வகுத்தன. எல்லோருக்கும் ஒரே விதி வேண்டாம். பெரும்பாலோர் மருந்தைத் தொடரலாம். யாருக்கு அபாயம் மிகுதி என்று முன்கூட்டியே பிரித்தறிய வேண்டும் என்பது அதன் கருத்து. மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டிருக்கும் கட்டத்தில் உள்ளவர், உயர்ந்த அளவில் போட்டுக்கொள்பவர், குமட்டல், வாந்தி, வயிற்று உப்பல், மலச்சிக்கல் உடையவர், இரைப்பையைத் தாமதப்படுத்தும் வேறு நோய் உடையவர் ஆகியோர் அபாயம் மிக்கவர். அவர்கள் அறுவைக்கு முந்திய 24 மணி நேரமும் நீர் உணவே கொள்ள வேண்டும், அன்று காலையில் அல்ட்ராசவுண்டால் இரைப்பையைப் பார்க்கலாம், ஐயமிருந்தால் நிறைந்த வயிறு என்றே கொண்டு, மூச்சுக்குழலை விரைவில் காக்கும் தனி முறையில் மயக்கம் கொடுக்கலாம், அல்லது ஒத்திவைக்கலாம். 2024 நவம்பரில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் இவ்வெச்சரிக்கையை மருந்துக் குறிப்பிலேயே சேர்க்கச் செய்தது. 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் எச்சரித்தது. முழு மயக்கத்தோடு ஆழ்ந்த அரை மயக்கத்தையும் அது சேர்த்துச் சொன்னது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி நாம் பேச வேண்டும். இத்தகைய அறுவைக்கு ஆங்கிலத்தில் ‘எலெக்டிவ்’ என்ற அடைமொழி தருவர். அதற்குத் தமிழ் தேடி நாம் நெடுநேரம் இடர்ப்பட்டதுண்டு. ‘தேர்வு அறுவை’ என்றால் பரீட்சையின் நினைவு வருகிறது. ‘விருப்ப அறுவை’ என்றால் பொழுதுபோக்குப் போல ஒலிக்கிறது. முடிவில் ‘நாள் குறித்துச் செய்யும் அறுவை’ என்று எழுதினோம். இன்று எண்ணிப் பார்க்கையில், அது நன்றாகவே அமைந்தது. குடல்வால் வெடித்தவருக்கு நாள் குறிக்க அவகாசமில்லை. வயிறு நிறைந்திருந்தாலும் அபாயத்தை ஏற்று அறுக்கத்தான் வேண்டும். அழகுக்காகச் செய்துகொள்ளும் அறுவையிலோ நாள் முழுதும் நம் கையில் இருக்கிறது. இரண்டு மாதம் தள்ளினால் இழப்பு ஒன்றுமில்லை.

தள்ளும் காலம் வீணும் அன்று. எடைக் குறைப்புக்கான செமாகுளூடைடைக் கால் மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 2.4 மில்லிகிராம் வரை ஏற்றுவர். உச்ச அளவை எட்டவே 16 வாரம் ஆகிறது. இரைப்பையின் சோம்பலும் குமட்டலும் மிகுதியாயிருப்பது இந்தப் படியேற்றக் காலத்தில்தான். பின்னர் உடல் ஓரளவு பழகிக்கொள்கிறது. நம் அம்மையார் மருத்துவமனைக்குச் சென்றது மூன்றாவது மாதத்தில், படி ஏறிக்கொண்டிருந்த வேளையில். அறுவைக்கு இதைவிடத் தவறான நேரத்தைத் தேடிப்பிடிப்பது கடினம்.

வயிற்றுத் தோலை அறுத்துச் சீராக்குவது உடலை இளைக்கச் செய்யும் வழியன்று. இளைத்து நிலைபெற்ற உடலைத் திருத்தும் வழி. எடை ஏறியும் இறங்கியும் கொண்டிருக்கும்போது தோலை வெட்டித் தைப்பது, வளரும் பிள்ளைக்கு அளவாகச் சட்டை தைப்பது போலாகும். மூன்று முதல் ஆறு மாதமாவது எடை நிலையாக நிற்க வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் கேட்பது இதனால்தான். முன்பு கூறிய செமாகுளூடைடு ஆய்வில், ஊசியை நிறுத்தி ஓராண்டு ஆன பின்பு இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அறுவை முடிந்ததும் ஊசியை விட்டுவிடலாம் என்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்வது நல்லது.

புண் ஆறுவதும் ஒரு கேள்வி. வயிற்றுச் சீரமைப்பில் இடுப்பின் ஒரு புறத்திலிருந்து மறு புறம் வரை நீண்ட தையல் அமையும். அது கூடுவதற்குப் புரதம் வேண்டும். இரும்புச் சத்தும் வைட்டமின்களும் வேண்டும். பசியே இல்லாமல் மாதக்கணக்கில் அரை வயிறு உண்டவரிடம் இவை குறைந்திருக்கலாம். விரைந்து இளைப்போர் இழப்பது கொழுப்பை மட்டும் அன்று. தசையையும் கணிசமாக இழக்கிறார்கள். காலையில் ஒரு இட்லி, பகலில் இரண்டு கவளம் தயிர்ச் சோறு, இரவில் ஒன்றும் வேண்டாம் என்று இளைத்தவர், அளவுகோலில் அழகாகத் தோன்றினாலும் அறுவைக்கு ஆயத்தமானவர் ஆகார். பருப்பு, பால், முட்டை, மீன் என்று அவரவர் வழக்கத்துக்கேற்ற புரதத்தை முதலில் உடலில் சேர்க்க வேண்டும். வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் உடலில் நீர் வற்றியிருந்தால், மயக்கத்தில் இரத்த அழுத்தம் சட்டென்று விழும், சிறுநீரகமும் வருந்தும்.

இதுவரை ஊசிகளைப் பற்றியே பேசினோம். இளைக்கும் மருந்தின் வரலாறு அவற்றோடு தொடங்கவில்லை. அது பெருமைப்படத்தக்க வரலாறும் அன்று. 1930களில் டைநைட்ரோஃபீனால் என்ற இரசாயனத்தை உண்டு சிலர் உடல் வெப்பம் ஏறி மாண்டனர். ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. சிபுட்ரமின் இதயத்துக்குத் தீங்கு செய்வதாகக் கண்டு 2010இல் மேனாடுகளிலும் 2011இல் இந்தியாவிலும் விலக்கப்பட்டது. ஆனால் ‘முழுதும் மூலிகை’ என்று விற்கப்படும் இளைப்புப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் அந்தச் சிபுட்ரமினைக் கலந்திருப்பதை அயல்நாட்டுச் சோதனைச் சாலைகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்துள்ளன. மூலிகை என்ற சொல்லுக்கு நம் நாட்டில் உள்ள மதிப்பே இவ்வாணிகத்தின் முதல்.

அமெரிக்காவில் 1959 முதல் விற்கப்பட்டுவரும் ஃபென்டெர்மின் பசியை அடக்கும். நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அது உடலில் இருக்கையில் மயக்கம் கொடுத்தால் அழுத்தம் திடீரென ஏறவோ இறங்கவோ கூடும். இறங்கியதை மீட்க வழக்கமாகத் தரும் மருந்துக்கு உடல் எளிதில் இணங்காது. அதைப் பல நாள் முன்பே மருத்துவர் சொற்படி நிறுத்த வேண்டும். கொழுப்பை உடலில் சேரவிடாது தடுக்கும் ஓர்லிஸ்டாட், இரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் ‘கே’யையும் சேரவிடாமல் செய்யக்கூடும். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகளை நீரிழிவுக்கென உண்போர் பலர். எடையும் சற்றுக் குறையும் என்பதற்காகவே நாடுவோரும் உண்டு. பட்டினியோடு இவை சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் பெருகும். சர்க்கரை அளவு இயல்பாகவே தோன்றுவதால் எளிதில் புலப்படாது. அறுவைக்கு 3 நாள் முன்பே இவற்றை நிறுத்துவது இன்றைய வழக்கம். வாராந்தர ஊசிக்கு ஒரு விதி, இதற்கு வேறு விதி என்பதைக் கவனிக்க வேண்டும். தானே முடிவு செய்துகொள்ளக் கூடிய காரியமன்று இது.

‘எனக்கு முழு மயக்கம் இல்லை; அந்த இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டுக் கொழுப்பை உறிஞ்சப் போகிறார்கள்’ என்று சிலர் ஆறுதல் கொள்வர். நோயாளி விழித்திருக்கும் வரை அந்த ஆறுதல் நியாயமே. தொண்டைக் காவலனும் விழித்திருக்கிறான். ஆனால் நடுவில் வலியோ அச்சமோ மிகுந்தால் உறக்கம் தரும் மருந்தை நரம்பில் செலுத்துவதுண்டு. இலேசான உறக்கம் ஆழ்ந்த உறக்கமாவதற்கு அதிக நேரம் ஆகாது. பெரிய மருத்துவமனையில் அருகில் மயக்க மருத்துவர் நிற்பார். கடைவீதி மாடியில் நடக்கும் அழகு நிலையத்தில் நிற்பாரா என்பதை முன்பணம் கட்டுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் அடியில் கிடப்பது வெட்கம் என்று நமக்குத் தோன்றுகிறது. உடல் இளைக்க மருந்து எடுப்பதைக் கணவனிடமே சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். அழகுக்காக அறுவை செய்துகொள்வதை அலுவலகத்தில் ‘குடலிறக்கம்’ என்று சொல்லி விடுப்பு எடுப்போரும் உண்டு. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத இவ்வூசியைத் தெரிந்தவர் மூலம் வாங்கியவர், அதை மருத்துவரிடமே மறைக்கிறார். மறைப்பவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. பருத்தவரைக் கேலி செய்யும் ஊர், அவர் இளைக்க முயன்றாலும் கேலி செய்யத் தவறுவதில்லை. ஆனால் மயக்கம் கொடுப்பவரிடம் மறைக்கும் ஒவ்வொன்றும் அவர் கண்ணைக் கட்டுவதாகும். முதல் சந்திப்பிலேயே, நாள் குறிக்குமுன், மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி, குமட்டல் உண்டா இல்லையா என்பவற்றைச் சொல்லிவிட்டால், அறுவை நாள் காலையில் மேசையருகிலிருந்து திரும்பி வர நேராது.

அம்மையார் அவ்வாறே செய்தார். மருந்தின் அளவு நிலைபெற்று, குமட்டல் நின்று, எடையும் மூன்று மாதம் ஒரே அளவில் நின்ற பிறகு, வேறு நாள் குறித்துக்கொண்டார். முந்திய நாள் முழுவதும் பருப்புத் தண்ணீரும் இளநீரும் பழச்சாறுமே ஆகாரம். அன்று காலை அல்ட்ராசவுண்டில் இரைப்பை உண்மையாகவே வெறுமையாக இருந்தது. அறுவை முடிந்து மூன்றாவது வாரம் அலுவலகத்துக்கு வந்தார். ஊசியை மறுபடி எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு, இயல்பாக உண்ணத் தொடங்கிய பின் பார்க்கலாம் என்று மருத்துவர் கூறியிருந்தாராம்.

பழைய துண்டறிக்கையின் திருத்திய பதிப்பு அண்மையில் நம் மேசைக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்திருந்தது. அதை நாம் இவ்வாறு தமிழாக்கினோம்: ‘கடந்த இரண்டு மாதத்தில் வாய்வழியாக உட்கொண்ட மருந்து, ஊசியாகப் போட்டுக்கொண்ட மருந்து, பொடி, லேகியம், கஷாயம், உடல் இளைப்பதற்கென எடுத்துக்கொண்ட எதுவாயினும் எழுதவும். கடைசியாக எடுத்துக்கொண்ட தேதியையும் குறிப்பிடவும்.’ மூலத்தில் ஒரே வரியாக இருந்தது தமிழில் இரண்டு வாக்கியமாக நீண்டுவிட்டது என்று சரிபார்ப்பவர் ஆட்சேபித்தார். சுருக்க முடியாது என்று குறிப்பெழுதி அனுப்பியிருக்கிறோம்.